ஒரே லாகினில் நாலு பேர்

பத்தரைக்கு மீட்டிங் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது மணி ஒன்பது. ஆறு மணிக்கே டூட்டி முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து வரலாம்தான், ஆனால் படுத்தால் தூக்கம் வராது என்று வேதமுத்துவுக்குத் தெரியும், பதினேழு நாளாக வராதது இன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும். மதுரவாயல் யார்டின் பின்பக்கம், பஸ் கழுவும் ஷெட்டுக்கு எதிரே, எந்த வண்டியிலிருந்தோ கழற்றிப் போட்ட புஷ்பேக் சீட்டில் உட்கார்ந்திருந்தான். சாய்ந்தால் அது பாட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, அதனால் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. மடியில் ஒரு தாள். நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இடது பக்கம் 'தனி', வலது பக்கம் 'உள்ளே'. இரண்டுக்கும் கீழே ஒன்றும் எழுதவில்லை. போன வாரம் இரண்டு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் வந்து திரையில் படம் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் சொன்னது, இப்போது நீங்கள் வைத்திருக்கிற தனி டாஷ்போர்டு டூலையே பெரிதாக வாங்கிக்கொள்ளுங்கள், டிக்கெட், டூட்டி, ஜி.பி.எஸ்., டீசல், டூர் வண்டி, எந்த மூலையில் கிடக்கிற தகவலையும் இழுத்து வந்து சேர்த்துப் பார்க்கலாம், பார்ப்பதற்கு மட்டும் அதற்குள் தனியாகப் போக வேண்டும், ஆளுக்கு ஒரு லாகின், லாகினுக்கு இவ்வளவு. மற்றவர் டூட்டி போடும் சாஃப்ட்வேரை விற்ற கம்பெனியின் ஆள். எதற்கு சார் இன்னொன்று, டிராஃபிக் இன்சார்ஜ் டிரைவர் பெயரை அடிக்கிற அதே திரையில் பெயருக்குப் பக்கத்திலேயே சார்ட் வந்துவிடும், யாரும் எங்கேயும் போக வேண்டாம், எங்கள் சாஃப்ட்வேருக்குள் இருக்கிற தகவல் மட்டும்தான் தெரியும், அவ்வளவுதான். இரண்டில் எது என்று வேதமுத்து சொல்ல வேண்டும். "நீங்கதானண்ணா இதையெல்லாம் உருவாக்குனது, நீங்களே சொல்லுங்க" என்றிருந்தாள் நித்திலா மேடம், பஸ் கம்பெனி முதலாளியின் மகள், இரண்டு வருஷமாக அவள்தான் எல்லாம். "வியாழக்கிழமை ஒரே வார்த்தை. தனியா, உள்ளயா."

ஒரே வார்த்தை. நாற்பத்தேழு வயதில் இவனிடம் ஒரு கம்பெனி கருத்துக் கேட்கிறது. பிளஸ் டூவோடு நின்றவன், சாத்தான்குளத்திலிருந்து வந்து கோயம்பேட்டில் கவுன்ட்டர் கவுன்ட்டராக டிக்கெட் எழுதியவன், நைட் கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றியபோது விடிய விடிய வரைபடத்தில் பஸ்களாக ஊரும் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குச் சலித்துப்போய் போனில் வீடியோ பார்த்து டாஷ்போர்டு செய்யக் கற்றுக்கொண்டவன். வெள்ளைக்காரன் ஒருவன் வேகவேகமாகப் பேசுவான், நிறுத்தி நிறுத்தி, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடி, அதற்குள் ஒரு பஸ் கியா கியா என்று அலாரம் அடிக்க, அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் முதலிலிருந்து. ஒன்றரை வருஷம் ஆனது. முதல் தடவை நூற்றுப் பதினாறு டிரைவர்களின் ஓய்வு நேரமும் ஒரே பக்கத்தில் பட்டை பட்டையாக வந்து நின்ற அன்றைக்கு அவன் எழுந்து வெளியே போய் யார்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தான், யாரிடம் சொல்வதென்று தெரியாமல். டிரைவர்கள் சிரித்தார்கள். "டாஷ்போர்டா? எங்க வண்டியில இருக்கே அண்ணே, பிள்ளையார்கூட ஒட்டி வச்சிருக்கோம்" என்றவன் சின்னமாயன்தான். ஆமாம், அவன்தான். அந்தச் சிரிப்பில் மேல்வரிசையில் ஒரு பல் இருக்காது. வேதமுத்து தாளைத் திருப்பி வைத்தான். தனி என்று சொன்னால் இந்த டூல் இருக்கும், டூல் இருந்தால் அதற்கு ஒரு ஆள் வேண்டும், ஆள் என்றால் இவன். உள்ளே என்று சொன்னால் எல்லாம் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன் பொறுப்பு, பிறகு இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள், புள்ளி பார்க்க இருபத்திரண்டு வயசுப் பையன் பாதிச் சம்பளத்துக்கு வருவான். மகள் பெனிட்டா நர்சிங் இரண்டாம் வருஷம். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

போன் அடித்தது. ரெஜினா. "சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றான். "பொய். என்ன சாப்பிட்டீங்க?" அவனுக்கு உடனே ஒரு பலகாரத்தின் பெயர் வரவில்லை. "பாத்தீங்களா" என்றாள் அவள். பிறகு குரலைத் தணித்து, "எந்த டூலோ என்ன எழவோ எனக்குத் தெரியாது. உங்க வேலை இருக்கிற மாதிரி சொல்லிட்டு வாங்க. பெரிய நியாயஸ்தன் மாதிரி வாயத் தொறந்து எதையாவது போட்டு ஒடச்சிட்டு வந்துராதீங்க." "நான் என்னத்தட்டி ஒடச்சேன்." "ஒடைக்கத்தான் இப்படி முழிச்சிக்கிட்டே கெடக்கீரு. எனக்குத் தெரியாதா ஒங்க மொகம்." அவளிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. பதினேழு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவள், மூச்சை வைத்தே கணக்குப் போட்டுவிடுகிறாள். மனுஷர்களின் ஓய்வு நேரத்தைக் கண்டுபிடிக்க டூலே வேண்டியதில்லை. மதுரை டிப்போவின் டிராஃபிக் இன்சார்ஜ் ஹபிபுல்லா பாய்கூட அப்படித்தானே வைத்திருந்தார், டூட்டிக்கு ஏறும் முன்னால் டிரைவரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து ஒரு டீ. டீ தீருகிற வரைக்கும் ஊர்க்கதை. பேச்சு எங்கே இழுக்கிறது, கண் எங்கே செருகுகிறது என்று பார்த்துக்கொண்டேயிருப்பார். "போய்ப் படுடா, நாளைக்கு ஓட்டுவ" என்று இரண்டு பேரையாவது வாரத்துக்குத் திருப்பி அனுப்புவார். அந்த டீயை நிறுத்தச் சொல்லி நித்திலா மேடம் மெயில் போட்டாள். இனி யார் மனசுக்குப் பட்டதும் கணக்கில்லை, டாஷ்போர்டைப் பார்த்து முடிவெடுங்கள், ஓய்வு எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் வண்டி கிடையாது. நல்ல உத்தரவுதான். அதற்கான சார்ட்டைச் செய்தது வேதமுத்துதான். நாலு டிப்போவுக்கும் அனுப்பிய மெயிலின் கீழே அந்த ஒரே லாகினையும் பாஸ்வேர்டையும் டைப் அடித்ததும் வேதமுத்துதான்.

ஒரு லாகின், நாலு பேர். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் திறந்தால் முதல் ஆளுக்கு ஒரு பெட்டி வரும், 'வேறொரு இடத்தில் இந்தக் கணக்கு திறக்கப்படுகிறது, நீங்களே தொடர்கிறீர்களா' என்று. ஆமாம் என்று அழுத்தினால் அந்த இன்னொருவர் வெளியே போய்விடுவார். யார் கூப்பிட்டது என்று பெட்டியில் இருக்காது. இத்தனை நாளில் எத்தனை தடவை வந்திருக்கும், நூறு, நூற்றைம்பது, பாதி நேரம் திருச்சி டிப்போக்காரன், பாதி நேரம் தானே போனில் திறந்து வைத்து மறந்தது. விரல் அது பாட்டுக்குப் போகும். ஈ வந்தால் கை ஓட்டுகிற மாதிரி. பதினேழு நாளுக்கு முந்தின அந்த ராத்திரியும் விரல்தான் போனது. ஒன்பது பன்னிரண்டுக்கு ஒரு தடவை. ஒன்பது பதினாலுக்கு ஒரு தடவை. ஷெட்டில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் சத்தம் நின்றது, வேதமுத்து நிமிர்ந்து பார்த்தான். ஏகாம்பரம் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக வண்டி கழுவுகிறவர். "இன்னாபா வேதம், வூட்டுக்குப் போலியா? சம்சாரம் தொரத்திடுச்சா?" "மீட்டிங் இருக்குண்ணே." "மீட்டிங்கா! கோட்டு எங்க?" என்று சிரித்தார். பிறகு சீட்டுக்குப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு பீடி பற்ற வைத்தார். "அந்த அடிபட்ட மதுர வண்டி இட்டாந்தாங்கோ பாரு, விக்கிரவாண்டிலேர்ந்து. என்னியத்தான் கழுவச் சொன்னாங்கோ. நா மாட்டேன்ட்டேன். வெளி ஆள வச்சுக் கழுவுனானுங்கோ. மூணு வாட்டி." வேதமுத்து தலையாட்டினான். "பாய் மேலதான் தப்பாமே? ரெஸ்ட்டு பாக்காம ஏத்திட்டாராமே?" வேதமுத்து அதற்கும் தலையாட்டினான் போலிருக்கிறது, ஏனென்றால் ஏகாம்பரம், "நல்ல மனுசன்தான், இன்னா பண்றது, ஒரு நாளு அசந்தா ஆச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தலையாட்டினேனா. ஆமாம் என்று ஆட்டினேனா, சும்மா ஆட்டினேனா. வாயைத் திறக்காமலேயே ஒரு மனுஷன் பெயரில் சேறு பூசிவிடலாம் போல.

வேகம் காட்டும் மீட்டரை வைத்து யோசித்துப் பார்த்தான். அது ஏன் டிரைவர் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை நாலு பேருக்குப் பொதுவாகக் கொடுத்து, எவ்வளவு வேகத்தில் போகிறாய் என்று சந்தேகம் வந்தால் எழுந்து போய்த் திறந்து பார் என்றால் எவன் பார்ப்பான். அப்படியென்றால் உள்ளே. வேலை செய்கிற திரையிலேயே, கண்ணுக்கு நேரே, கேட்காமலேயே. பென்சிலை எடுத்து 'உள்ளே' என்பதன் கீழே 'கண்ணுக்கு நேரே' என்று எழுதினான். சரி, ஆனால் அன்றைக்கு அது இருந்திருந்தால் என்ன காட்டியிருக்கும். டூட்டி சாஃப்ட்வேருக்குத் தெரிந்தது சின்னமாயன் கடைசியாக ரூட்டில் ஓடும் லைன் வண்டி ஓட்டியது முந்தாநாள் இரவு என்பதுதான், ஓய்வு நாற்பத்தொரு மணி நேரம், பச்சை. நடுவில் அவன் டூர் பிரிவுக்குப் போய் ஒரு கல்யாண கோஷ்டியைத் திருப்பதிக்கு ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்ததெல்லாம் டூர்க்காரர்களின் தனி எக்செல் ஷீட்டில் இருக்கிறது. டூர் டூட்டிக்குக் கையில் பேட்டா, யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஷீட்டையும் ஜி.பி.எஸ்.ஸையும் டூட்டியையும் கோத்து, இவன் சாயங்காலம் ஐந்து முப்பத்தைந்துக்குத்தான் வண்டியை விட்டு இறங்கினான், ஒன்பதே முக்காலுக்கு மறுபடி ஏறுகிறான், ஓய்வு நாலு மணி பத்து நிமிஷம் என்று சொன்னது உலகத்திலேயே ஒரே ஒரு பக்கம். வேதமுத்துவின் பக்கம். தனி டூல். அப்படியென்றால் தனிதான். பென்சில் இடது பக்கம் போனது. தனிக்குத் தெரியும், யாராலும் திறக்க முடியவில்லை. உள்ளே இருப்பது திறந்தே இருக்கும், அதற்கு ஒன்றும் தெரியாது. இடது, வலது, இடது. மண்டைக்குள் வைப்பர் ஓடுகிற மாதிரி. மழை நின்ற பிறகும் அணைக்க மறந்த வைப்பர், காய்ந்த கண்ணாடியில் கிறீச் கிறீச் என்று.

பாய் போன் அடித்திருக்கலாமே. இந்த ஒன்றைத்தான் அவன் இத்தனை நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான், முங்குகிறவன் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி. உள்ளே போக முடியவில்லை என்றால் கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு போன். இருபது வருஷப் பழக்கம், யோவ் வேதம் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறார், டயர் வெடித்தால், போலீஸ் மடக்கினால், சும்மா போரடித்தால். அன்றைக்கு ஏன் கூப்பிடவில்லை. விசாரணையில் பாய் சொன்னது இரண்டே வரி. "பையன் கண்ணு செவந்திருந்துச்சு, அதான் டாஷ்போர்ட தட்டிப் பாத்தேன். உள்ள போக முடியல." மேனேஜர் ஜம்புலிங்கம், "எல்லாரும் போறாங்க, உங்களால மட்டும் போக முடியலையாக்கும்" என்று கேட்டார்.  பாயிடம் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இருக்கும் இடம் வேதமுத்துவுக்கு மட்டும் தெரியும். யார் எத்தனை மணிக்கு, எந்த ஊர்க் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார்கள், யார் வெளியே தள்ளினார்கள் என்று அந்த டூல் ஒரு பதிவு வைத்திருக்கிறது, அட்மின் மட்டும்தான் பார்க்கலாம், அட்மின் இவன். விபத்து நடந்த மறுநாள் மத்தியானம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தான். மதுரை டிப்போ, 9.12, வெளியேற்றப்பட்டது. மதுரை டிப்போ, 9.14, வெளியேற்றப்பட்டது. வெளியேற்றியது, சென்னை கன்ட்ரோல் ரூம். முப்பது நாள் ஆனால் அந்தப் பதிவு தானாகவே அழிந்துவிடும். பதினேழு போயிற்று, பதிமூன்று இருக்கிறது. தினமும் விடிந்ததும் முதல் கணக்கு இதுதான். உள்ளே என்று சொல்லிவிட்டால் பழைய கணக்கை உடனே மூடிவிடுவார்கள், பதிமூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.  ஆக, நல்ல பதிலைச் சொன்னாலும் அதற்குள் ஒரு கள்ளம் ஒளிந்துகொண்டிருக்கிறது. வேலை போனாலும் தப்பித்துக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்கிறேனா, பாய் மாதிரி ஆட்களுக்கு நல்லது என்பதற்காகச் சொல்கிறேனா. யார் பிரித்துச் சொல்வது.

அதுகூடப் பரவாயில்லை. அதைத் தாண்டி ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் போகும்போதெல்லாம் மனசு சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொள்ளும். அன்றைக்கு ஒன்பது பன்னிரண்டுக்கு வேதமுத்து உள்ளே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தான். கலர் மாற்றிக்கொண்டிருந்தான். "இவ்ளோ செவப்பு வேணாம்ண்ணா, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, அப்பா பாத்தா பயந்துருவாரு" என்று மேடம் சொல்லியிருந்தாள். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓய்வெடுத்தவர்களின் பட்டையைச் சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்கு. முதலில் போட்ட ஆரஞ்சு கனகாம்பரம் மாதிரி இருந்தது, பிடிக்கவில்லை. கொஞ்சம் மஞ்சள் கூட்டினான். அப்போதுதான் பெட்டி வந்தது, ஆமாம் நானே தொடர்கிறேன், மறுபடி கலர், மறுபடி பெட்டி, ச்சே யார்டா அது, ஆமாம், ஆமாம். அந்த நேரத்தில் திரையில் ஆறு பட்டைகள் இருந்தன. மேலேயிருந்து இரண்டாவது மிகக் குட்டையாக இருந்தது. கலர் சரியாக விழுகிறதா என்று அந்தக் குட்டைப் பட்டையை வைத்துத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான், ஏனென்றால் சின்ன இடத்தில் நன்றாகத் தெரிந்தால் பெரிய இடத்திலும் தெரியும். அதன் இடப்பக்கம் பெயர் இருந்திருக்கும். இருந்திருக்கும் என்ன, இருந்தது. இங்கிலீஷில் பத்து எழுத்தோ பதினோரு எழுத்தோ. படித்தேனா. கண் அதன்மேல் போகாமலா இருந்திருக்கும். போய், படித்து, தெரிந்து, கலர்தான் முக்கியம் என்று விட்டேனா, இல்லை படிக்கவேயில்லையா. இதற்குப் பதிவு கிடையாது. எந்த டூலும் இதை வைத்திருக்காது. தனி, உள்ளே என்று ஆயிரம் வாங்கிப் போடலாம், திறந்து வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தவனே பார்க்கவில்லை. மூன்று இருபதுக்கு விக்கிரவாண்டி தாண்டி ஒரு பச்சைப் புள்ளி நின்றது. டீக்கு நிறுத்தியிருப்பான் என்று நினைத்தான். ஆறு நிமிஷம் நினைத்துக்கொண்டிருந்தான். பிறகு வேறு வண்டி டிரைவர் ஒருவர் போனில் கத்தினார், நின்றிருந்த சிமெண்ட் லாரியில் மோதி, பஸ்ஸுக்கு முன்பக்கமே இல்லை என்று. செத்தது இரண்டு பேர். சின்னமாயன். அவனுக்கு நேர் பின்னால் கீழ் பெர்த்தில் கோதண்டம், வயது 61, ஆண், ஏறுமிடம் மாட்டுத்தாவணி, இறங்குமிடம் பெருங்களத்தூர். அந்த மனிதரைப் பற்றி வேதமுத்துவுக்கு வேறொன்றும் தெரியாது. அந்த வரியைப் பயணிகள் பட்டியலிலிருந்து எடுத்து அவன் போலீசுக்கு அனுப்பினான்.

மேனேஜர் அறைக்கதவைத் திறந்தபோது ஏ.சி. குளிர் முகத்தில் அடித்தது. "வாய்யா வேதம், என்னய்யா மூஞ்சி, கழுவாத வண்டி மாதிரி இருக்கு" என்றார் ஜம்புலிங்கம். நித்திலா மேடம் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து சிரித்தாள், உட்காரச் சொன்னாள், "சொல்லுங்கண்ணா" என்றாள். வேதமுத்து, "உள்ள, மேடம்" என்றான். சொல்லிவிட்டான். அவ்வளவு எளிதாகவா. வாயிலிருந்து வேறு யாரோ பேசுகிற மாதிரி தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. டிரைவர் பெயரை அடிக்கிற இடத்திலேயே தெரிய வேண்டும், டிப்போக்காரர் கவுன்ட்டரில் அந்தக் கூட்டத்தில் இன்னொரு இடத்துக்குப் போய்ப் பார்க்க மாட்டார், போக முடியாமலும் போகலாம். ஆனால் ஒன்று மேடம், டூர் டூட்டியை முதலில் அந்த சாஃப்ட்வேருக்குள் கொண்டுவர வேண்டும், அது வராமல் உள்ளே போட்டால் பச்சையாகத்தான் காட்டும், பச்சை காட்டினால் சந்தேகப்படுகிறவன்கூடச் சந்தேகப்பட மாட்டான். அவள் குறித்துக்கொண்டாள். "கரெக்ட்ண்ணா. அது செகண்ட் ஃபேஸ்ல பாத்துக்கலாம். டூர்காரங்க இப்ப சீசன்ல ஒத்துக்க மாட்டாங்க. உள்ளதான் நாங்களும் நெனச்சோம், செலவும் பாதிதான். பழைய அக்கவுண்ட்ட இன்னிக்கே க்ளோஸ் பண்ணிருங்க, மாசம் பொறந்தா திரும்பப் பணம் எடுத்துருவான்." முடிந்தது. இவன் சொல்லும் முன்பே முடிந்திருந்தது. டூர் ஷீட் இல்லாமல், நாற்பத்தொரு மணி நேரம் பச்சை என்று, கண்ணுக்கு நேரே. ஒரு வாரமாக அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஓடியது இதற்குத்தானா. எழுந்திருக்கப் போனான். "இரு இரு, இதுல ஒரு கையெழுத்து" என்று ஜம்புலிங்கம் ஒரு தாளைத் தள்ளினார், "பாய் லேபர் கோர்ட்டுக்குப் போனா நமக்கு ஒரு பேப்பர் வேணும்ல." கம்பெனி லெட்டர்பேடில் டைப் செய்திருந்தது. சம்பவ தினத்தன்று ஓட்டுநர்களின் ஓய்வு நேரத்தை அறியும் வசதி மதுரை டிராஃபிக் இன்சார்ஜுக்கு முழுமையாக வழங்கப்பட்டிருந்தது, அவர் அதைப் பயன்படுத்தவில்லை. கீழே, இப்படிக்கு, டாஷ்போர்டு நிர்வாகி.

பேனா அங்கேயே இருந்தது. கையெழுத்துப் போடுவது விரலின் வேலை, விரல் அது பாட்டுக்குப் போகும். வேதமுத்து தன் விரலைப் பார்த்தான். அது போகவில்லை. சுருங்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. பிறகு பேனாவை எடுத்து, அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்ற வரியை அடித்தான், ஒரே கோடாக, அதன் மேல் நெருக்கி நெருக்கி எழுதினான். ஒரு சமயத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். அவர் 9.12க்கும் 9.14க்கும் திறக்க முயன்றார். இரண்டு முறையும் அவரை வெளியேற்றியது நான். எழுதி முடித்துத் தாளைத் தள்ளி வைத்தான். ஜம்புலிங்கம் எட்டிப் படித்துவிட்டு, "யோவ், உனக்கென்ன கிறுக்கா" என்றார். நித்திலா தாளை வாங்கிப் படித்தாள். நிதானமாக, இரண்டு தடவை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான், அது நன்றாகக்கூட இருந்திருக்கும். அவள் முகம் சின்னப் பெண்ணுடையது மாதிரி ஆகிவிட்டது. "இத எழுதுனா, நாலு டிப்போவுக்கு ஏன் ஒரே லாகின் வாங்குனீங்கன்னு கேப்பாங்கண்ணா" என்றாள். "நீங்கதான் அன்னிக்கே சொன்னீங்க, ஆளுக்கு ஒண்ணு வேணும்னு. வேணாம்னது நான்." பிறகு தாளை நாலாக மடித்தாள். மடித்துத் தன் ஹேண்ட்பேக்கில் வைத்து ஜிப்பை இழுத்தாள். "நீங்க தூங்கி எத்தன நாளாச்சு? வீட்டுக்குப் போங்க. ஒரு வாரம் லீவு எடுத்துக்கங்க. அக்கவுண்ட்ட மட்டும் மூடிட்டுப் போங்க." ஜம்புலிங்கம், "வேற ஆள் கையெழுத்து வாங்கிக்கறேன் மேடம், நீங்க கவலப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டபடி வேதமுத்து வெளியே வந்தான். இத்தனை நாள் இதைச் சொன்னால் தலையில் இடி விழும் என்று பயந்துகொண்டிருந்தான். விழவில்லை. ஜிப்தான் இழுபட்டது. சொன்னதும் சொல்லாததும் ஒன்றாகிவிட்டது, அவளுக்கும் இரவில் தூக்கம் வராது இனி, வராதவர்கள் எண்ணிக்கையில் ஒன்று கூடியது, அவ்வளவுதான் நடந்தது.

கன்ட்ரோல் ரூமில் பகல் டூட்டிப் பையன் டிபன் சாப்பிடப் போயிருந்தான். வேதமுத்து தன் நாற்காலியில் உட்கார்ந்து டூலைத் திறந்தான். கணக்கை மூடுகிற இடத்துக்குப் போகவில்லை, பதிவு இருக்கிற இடத்துக்குப் போனான். அன்றைய தேதி. இரண்டு வரிகள். திரையைப் போனில் படம் எடுத்தான், ஒன்று கலங்கலாக விழுந்தது, இன்னொன்று எடுத்தான். கம்பெனித் தகவலை வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்று வேலைக்குச் சேர்ந்த தாளில் எழுதியிருக்கிறது. ரெஜினா. பெனிட்டா. அவள் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி ஞாபகத்துக்கு வந்தது, வந்துகொண்டிருக்கும்போதே பாயின் வாட்ஸப்புக்கு அனுப்பிவிட்டான். பார்த்ததற்கான இரண்டு நீல டிக் வரவில்லை. அழைத்தான். நாலு ரிங் போன பிறகு பாய் எடுத்தார். "சொல்லு வேதம். என்ன, தூக்கிட்டாங்களா என்னிய? நீயாவது நேரா சொல்லிருடா." பின்னால் குக்கர் சத்தம். ஒரு படம் அனுப்பியிருக்கிறேன் பாய், பாருங்கள் என்றான். "கண்ணாடி எங்க போட்டேன்னு தெரியல, நீயே வாயால சொல்லு." வாயால் சொன்னான். அன்றைக்கு நீங்கள் இரண்டு தடவை தட்டினீர்கள், இரண்டு தடவையும் தள்ளியது நான்தான் பாய், உள்ளே இருந்தது நான். இந்தப் படத்தை உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.   "நீயா?" என்றார் பாய். "மேடம் இல்லயா?" மேடம் இல்லை பாய், நான்தான் என்றான். "ரெண்டு தடவ வெளிய தள்ளவும் மொதலாளிதான் உள்ள ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சிட்டேன் வேதம். பெரியவங்க பாத்துக்கிட்டு இருக்கறப்ப நடுவுல போயி நிக்கக் கூடாதுன்னு ஒதுங்கிக்கிட்டேன். அவங்க கண்ணுல தப்புப் படாமயா இருக்கும், பட்டா அவங்களே கூப்ட்டுச் சொல்லிருவாங்கன்னு அஞ்சு நிமிசம் போனையே பாத்துக்கிட்டு நின்னேன். வரல. சரி, ஒண்ணுமில்ல போலன்னு பையன ஏறச் சொல்லிட்டேன்." மூச்சு வாங்கினார். வேதமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீன்னு தெரிஞ்சிருந்தா" என்றார் பாய், திட்டுகிற குரலில் இல்லை, சந்தையில் தொலைத்த ஒன்றைப் பற்றிச் சொல்கிற மாதிரி, "ஒரு போனப் போட்டு, எந்திரிடா வெளியன்னு ஏசிட்டு நான் உள்ள போயிருப்பேனேடா."